ஈரச் சுவருக்கு ஏழரைப் பொறுப்பாளர்கள்

எங்கள் குளியலறைச் சுவருக்கு முன்பு ஒரே ஒரு பொறுப்பாளர்தான் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர். தலையில் தட்டைத் தொப்பி, விரலிடுக்கில் அணைந்துபோன சிகரெட், ஒரு காது கொஞ்சம் மந்தம். அவர்தான் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர். இப்போது அதே சுவருக்கு ஏழு பொறுப்பாளர்கள். கவுன்சிலர் இருக்கிறார். வீட்டுத்துறையைப் பார்க்கும் கபினெட் உறுப்பினர் இருக்கிறார். ஒப்பந்தக் கம்பனி, அந்தக் கம்பனி பிடித்து அனுப்பும் உப ஒப்பந்தக்காரர், குடியிருப்பாளர் தொடர்பு அலுவலர், முறைப்பாடு விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன், எல்லோருக்கும் மேலே ஒழுங்குபடுத்தும் ஆணையம். ஏழு பேரும் பண்பானவர்கள். எல்லோருக்கும் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். சுவர் மட்டும் இன்னும் காயவில்லை.

இப்படித் தொடங்கினால் அந்தக் காலம் பொற்காலம் என்று முடிக்கப் போகிறேன் என்று நினைப்பீர்கள். லண்டன் கவுன்சில் வீட்டில் தலைமயிர் நரைத்தவனுக்கு எந்தக் காலத்தின் மீதும் அந்த மாதிரிப் பக்தி வராது.

நான் வந்தது 1986இல். பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளோடு போக்கிடமில்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு இருக்க இடம் தேடித் தருவது உள்ளூர்க் கவுன்சிலின் கடமை என்று 1977இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கும் அது பொருந்தியது. 1993இல்தான் அந்தக் கதவை மெல்லச் சாத்தத் தொடங்கினார்கள். முதலில் ஒரு விடுதியில் ஒற்றை அறை. அங்கே மின்சார அடுப்பை மறைத்து வைத்துச் சோறு காய்ச்சினோம். பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது: ஆறாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒரே ஒரு ஓபர்தான். வேண்டாம் என்றால் கவுன்சிலின் கடமை அத்தோடு முடிந்தது. உள்ளூர்க்காரர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிய எஸ்டேட் அது. லிப்டுக்குள் ஏறியதும் ஏன் தள்ளினார்கள் என்று மூக்குக்கு விளங்கியது. ஆனால் கதவுக்குச் சாவி இருந்தது, அந்தச் சாவி எங்கள் கையில் இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

வீட்டோடு வாக்கும் வந்தது. இலங்கை கொமன்வெல்த் நாடு, ஆகவே இங்கே குடியிருக்கும் எனக்கு வாக்காளர் பட்டியலில் இடம் உண்டு. என் அகதி விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருக்க, நான் இந்த நாட்டின் ஆட்சியைத் தெரிவு செய்யும் ஒருவனாகிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் நான் கடைசியாக வாக்குப் போட்டது 1981 ஜூன் மாவட்ட சபைத் தேர்தலில். அந்தத் தேர்தல் வாரத்தில்தான் யாழ் நூலகத்தை எரித்தார்கள். ஓர் உள்ளூராட்சித் தேர்தல் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்தவன் என்பதால், இங்கே வாக்குக் கேட்டு வந்த கிழவரை நான் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தேன். அவர் படியேறி வந்திருந்தார். லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க, "இதை முதலில் திருத்தவேண்டும்" என்றார். திருத்தினார்கள். தேர்தல் அந்த வியாழன்.

சனிக்கிழமை காலைகளில் அவர் எஸ்டேட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் பூஞ்சணம் ஏறி, சின்னவளுக்கு இருமல் நிற்காமல் போன மாரியில் நானும் போய் வரிசையில் நின்றேன். என் இங்கிலிஷ் அப்போது வினைச்சொல் இல்லாத இங்கிலிஷ். அவருடைய கேட்காத காதுப்பக்கம் நான் உட்கார்ந்துவிட்டேன் போல. "வோல்... வெற்... பேபி கொஃப்" என்று மூன்று தரம் கத்தினேன். நூலகமே திரும்பிப் பார்த்தது. அவர் சிகரெட் பெட்டியைக் கிழித்து, உள்பக்க வெள்ளையில் வீட்டு இலக்கத்தை எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கிழமை பிளம்பர் வந்து நின்றார். கவுன்சிலின் சொந்த ஆள், கவுன்சில் சம்பளம், கவுன்சில் வான். சுவரைத் தட்டிப் பார்த்து, மேல்மாடிக் குழாயில் ஒழுக்கு என்று கண்டுபிடித்து, தேநீர் குடித்து, அடைத்துவிட்டுப் போனார்.

பொறுப்பு எப்படி வேலை செய்தது என்பதும் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. கிழவர் கவுன்சிலின் வீட்டுக் குழுவில் ஓர் அங்கத்தவர். குழு கூடும்போது பார்வையாளர் வாங்கில் யாரும் போய் இருக்கலாம். வீட்டுத்துறைப் பணிப்பாளர் கோப்புகளோடு வந்திருந்து, கிழவரின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பணிப்பாளர் பெரிய படிப்புப் படித்தவர். கிழவர் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். பணிப்பாளர் நெளிவதைப் பார்க்க எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இந்தப் படத்தின் மறுபக்கம் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தது. கானா நாட்டுப் பெண் ஒருத்தி, தனியாக மூன்று பிள்ளைகளோடு. சனிக்கிழமையும் அலுவலகங்களில் துப்புரவு வேலை, நூலகத்துக்குப் போக நேரமில்லை. அவளுடைய சுவர் எங்கள் சுவரைவிட மோசம். அவளுடைய இலக்கம் எந்தச் சிகரெட் பெட்டியிலும் ஏறவில்லை. கிழவர் நிறவெறியர் என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்த முகத்துக்கு வேலை நடந்தது, அவ்வளவுதான். முகத்தாட்சணியத்தால் நடக்கும் நிர்வாகத்தை ஊரிலும் கண்டவன் நான். எங்களுக்கு நடந்தபோது அது நல்ல நிர்வாகமாகத் தெரிந்தது. தேர்தல் வருடத்தில் லிப்டுக்கு மஞ்சள் வர்ணம் பூசுவார்கள். மஞ்சள் கண்டால் மே மாதம் வருகிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெஸ்ட்மின்ஸ்டரில், இதையே பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அங்கே கவுன்சில் தலைவி ஷேர்லி போர்ட்டர், டெஸ்கோ கடைகளைத் தொடங்கியவரின் மகள். 1986 தேர்தலில் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி மயிரிழையில்தான் தப்பியது. அடுத்த தேர்தலுக்கு முன் என்ன செய்யலாம்? ஆட்டம் காணும் எட்டு வட்டாரங்களைத் தெரிந்தெடுத்தார்கள். அங்கே காலியாகும் கவுன்சில் வீடுகளை ஏழைகளுக்குக் கொடுக்காமல் விற்பது. வாங்குகிறவர் வசதியானவர், வசதியானவர் நம் கட்சிக்கு வாக்குப் போடுவார். காலி வீடுகளுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். அதே கவுன்சில், வீடில்லாத குடும்பங்களில் பலவற்றைக் கல்நார் நிறைந்த இரண்டு கோபுரத் தொடர்களில் குடிவைத்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் 'நிலையான சமூகங்களைக் கட்டுதல்'. 1990இல் தேர்தல் வந்தது. பெரும்பான்மை பல மடங்கு பெருகியது. மக்கள் தீர்ப்பு, மகேசன் தீர்ப்பு.

ஆனால் அந்தக் காலத்தில் மகேசனுக்கு மேலே ஒருவர் இருந்தார். மாவட்டக் கணக்காய்வாளர். கவுன்சிலர் ஒருவர் சட்டத்தை மீறி, வேண்டுமென்றே பொதுப்பணத்துக்கு நட்டம் வைத்தால், அந்த நட்டத்தை அவருடைய சொந்தப் பையிலிருந்து கட்டு என்று கணக்காய்வாளரால் சொல்ல முடிந்தது. ஜோன் மகில் என்ற கணக்காய்வாளர் வருடக்கணக்காகக் கோப்புகளைக் கிண்டி, 1996இல் போர்ட்டரும் வேறு சிலரும் 31.6 மில்லியன் பவுண் கட்டவேண்டும் என்றார். வழக்குக்கு மேல் வழக்கு. 2001 டிசம்பரில் பிரபுக்கள் சபை கணக்காய்வாளர் பக்கம் தீர்த்தது. வட்டியோடு கடன் 40 மில்லியனைத் தாண்டியபோது, தன்னிடம் இருப்பது மூன்று லட்சம் பவுண்தான் என்றார் டெஸ்கோவின் மகள். கடைசியில் 2004இல் 12.3 மில்லியனுக்குச் சமாதானம். பழைய கணக்காய்வாளரின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்.

எனக்கு அதைவிட வேறொரு உதாரணம் பிடிக்கும். டார்பிஷயரில் கிளே குரொஸ் என்று சுரங்கத் தொழிலாளரின் ஒரு சின்ன ஊர். 1972இல் அரசாங்கம் கவுன்சில் வீட்டு வாடகைகளைக் கூட்டச் சொல்லிச் சட்டம் கொண்டுவந்தது. வாரத்துக்கு ஒரு பவுண் அளவில். ஊர்க் கவுன்சிலின் 11 லேபர் உறுப்பினர்கள் கூட்டமாட்டோம் என்றார்கள். கணக்காய்வாளர் வந்தார், கூட்டிப் பார்த்தார், நட்டம் 6,985 பவுண் என்றார். பதினொரு பேரும் கட்டவேண்டும். கட்டவில்லை. பதவி போயிற்று, பிறகு வங்குரோத்தும் ஆனார்கள். 1980களில் லிவர்பூலின் 47 பேருக்கும் லண்டன் லாம்பெத் கவுன்சிலர்களுக்கும் இதே தண்டமும் பதவி இழப்பும். அது வாடகை விஷயமில்லை, உள்ளூர் வரி விகிதத்தை நேரத்துக்கு முடிவு செய்யவில்லை என்ற குற்றம்.

கவனித்துப் பாருங்கள். வாடகை கூட்ட மறுத்தால் சொந்த வீட்டை விற்றுக் கட்டவேண்டிய நிலை வரலாம். வாடகை வாங்கிக்கொண்டு சுவரைத் திருத்தாமல் விட்டால்? அதற்கு அப்போதும் ஒன்றுமில்லை. கணக்காய்வாளரின் கணக்கில் பூஞ்சணம் நட்டமாக வராது. ஆனாலும் கிழவரின் பேச்சில் அந்தக் கை பற்றிய பயம் இருந்தது. "என்னிடம் இருப்பது ஒரு சின்ன வீடும் பென்சனும்தான், அதையும் எடுப்பார்கள்" என்று குழுக் கூட்டம் ஒன்றில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இழக்க ஏதோ இருந்த மனிதர்.

2000ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் அந்தத் தண்டத்தைத் தூக்கிவிட்டது. கொடூரமானது, பழங்காலத்துக்குரியது என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. அதே சட்டம் பெரும்பாலான கவுன்சில்களில் குழுக்களையும் ஒழித்து, தலைவரும் கபினெட்டும் என்று மாற்றியது. கபினெட்டில் இல்லாத கவுன்சிலர்களுக்கு 'கண்காணிக்கும்' வேலை. பஸ்ஸை ஓட்டிப் பழகிய எங்கள் கிழவரைப் பின்சீட்டில் இருத்திப் பாதையைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

அதற்கிடையில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. அங்கே இருந்தவர் எங்களுக்கு முன்பே வந்து குடியேறிய தமிழர், எல்லோருக்கும் அண்ணை. 1980இல் தட்சர் கொண்டுவந்த வாங்கும் உரிமைச் சட்டப்படி, கவுன்சில் வீட்டில் சில வருடம் இருந்தவர் அதைக் கழிவு விலையில் வாங்கலாம். மாடி வீடுகளுக்குக் கழிவு அப்போது 70 வீதம் வரை போனது. 1989இல் அண்ணை பாதி விலைக்கும் குறைவாக வாங்கிவிட்டுக் கீழே வந்து சொன்னார்: "தம்பி, இனி ஒருத்தனையும் கெஞ்சத் தேவையில்லை. என்ரை சுவர், என்ரை பைப்." புதுக் கதவும் போட்டார், பித்தளைக் கைபிடியோடு. பத்து வருடம் கழித்து ஹரோவில் தோட்டத்தோடு வீடு வாங்கிப் போனார். மாடி வீட்டை வாடகைக்கு விட்டார். இங்கிலாந்து முழுவதிலும் கிட்டத்தட்ட இருபது லட்சம் வீடுகள் இப்படிக் கைமாறின. விற்ற காசில் பெரும்பகுதியைக் கொண்டு புது வீடு கட்டக் கவுன்சில்களை அரசாங்கம் விடவில்லை. வீடில்லாதவர்கள் பெருகினார்கள். அவர்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்க வீடு தேடி அலைந்த கவுன்சில், கடைசியில் அண்ணையிடம் வந்தது. தான் விற்ற வீட்டைத் தானே மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டது. நான் தரும் வாடகையைவிட அவருக்குக் கவுன்சில் தரும் வாடகை பல மடங்கு. அண்ணையை நான் குறை சொல்லமாட்டேன். சட்டம் போட்ட விருந்தில் அவர் இலை போட்டுச் சாப்பிட்டார்.

எங்கள் சுவர் திரும்பவும் கசியத் தொடங்கியது அந்தக் கட்டத்தில்தான்.

நான் பழையபடி கவுன்சிலரிடம் போனேன். புதியவர், சட்டத்தரணி. "நாங்கள் இப்போது வீடுகளை நிர்வகிப்பதில்லை" என்றார். உண்மைதான். 2002 முதல் அரசாங்கம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்திருந்தது. வீடுகளைத் திருத்தப் பெரும் பணம் தருவோம், ஆனால் நிர்வாகத்தை அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்துத் தனியான ஒரு கம்பனியிடம் கொடுக்கவேண்டும். உரிமை கவுன்சிலுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு. கம்பனியின் பணிப்பாளர் சபையில் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பாளர், ஒரு பங்கு கவுன்சிலர்கள், ஒரு பங்கு வெளியாட்கள். சபையில் எங்களுக்கும் நாற்காலி! எஸ்டேட்டில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை போனார். முதல் கூட்டத்திலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: கம்பனிச் சட்டப்படி நீங்கள் இனிக் குடியிருப்பாளரின் பிரதிநிதி அல்ல, கம்பனியின் நலனைப் பார்க்கவேண்டிய பணிப்பாளர். அடுத்த முறை லிப்டில் கண்டபோது அவர் எங்களுக்குக் கம்பனியின் சிரமங்களை விளக்கினார்.

பணம் வந்தது, மறுக்கவில்லை. 'கண்ணியமான வீடு' என்பதற்கு அரசாங்கம் அளவுகோல் வைத்திருந்தது. குசினி இருபது வருடத்துக்கு உட்பட்டது, குளியலறை முப்பது வருடத்துக்கு உட்பட்டது, இப்படிப் பல. எங்களுக்குப் புதுக் குசினி கிடைத்தது. ஈரச் சுவர் மேல் வெள்ளை ஓடு பதித்தார்கள். வீடு கண்ணியமாகிவிட்டது. ஓட்டுக்குப் பின்னால் ஈரம் தன் பாட்டில் நடந்தது. ஓட்டு இடுக்குகளில் கருமை படர்ந்தபோது ஒரு சர்வேயர் வந்து கருவியைச் சுவரில் குத்திப் பார்த்துவிட்டு, "நிறையச் சமைப்பீர்களோ?" என்று கேட்டார். மனைவி அவருக்குக் கொடுத்த வடையை அவர் அப்போதுதான் கடித்து முடித்திருந்தார். யன்னலைத் திறந்து வையுங்கள், உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள், சுடுதண்ணீரில் நெடுநேரம் குளிக்காதீர்கள் என்று துண்டுப்பிரசுரம் ஒன்று தந்தார். சுவருக்கு மறுபடியும் தெளிவான பொறுப்பாளர் கிடைத்தார். நாங்கள்தான்.

2009 ஜூலை 3ஆம் திகதி கம்பர்வெல்லில் லக்கனால் ஹவுஸ் எரிந்தது. கவுன்சில் கோபுரத் தொடர். மூன்று பெண்களும் மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள்; அதில் ஒன்று பிறந்து சில வாரமே ஆன சிசு. எங்கள் எஸ்டேட்டில் அன்றிரவு எல்லோரும் வெளியே வந்து நின்று எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தோம். எதைப் பார்ப்பதென்று எவருக்கும் தெரியவில்லை. 2017 பிப்ரவரியில் சதர்க் கவுன்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 270,000 பவுண் தண்டமும் 300,000 செலவும் கட்டியது. தனிமனிதர் எவரும் கட்டவில்லை. கவுன்சில் கட்டிய பணம் எங்கிருந்து வருகிறது என்று கவுன்சில் வீட்டுக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளே குரொஸ்காரர்களை அன்று நினைத்துக்கொண்டேன். வாடகையைக் கூட்டாத பாவத்துக்குப் பதினொரு பேர் தெருவுக்கு வந்தார்கள்.

அந்தத் தீர்ப்புக்கு நாலு மாதத்தில், ஜூன் 14, கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. எழுபத்திரண்டு பேர். லண்டனின் பணக்காரப் பரோக்களில் ஒன்றான கென்சிங்டன் அண்ட் செல்சியின் கவுன்சில் வீடு. நிர்வாகம் 1996 முதல் குடியிருப்பாளர் நிர்வாக அமைப்பு என்ற பெயருள்ள கம்பனியின் கையில். பெயரில் குடியிருப்பாளர் இருந்தார்கள். பாதுகாப்பைப் பற்றி விடாமல் கேட்ட குடியிருப்பாளர்களை அந்த அமைப்பு கலகக்காரராகவே பார்த்தது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. கவுன்சில் தலைவரும் துணைத்தலைவரும் பதவி விலகினார்கள். விசாரணையின் இரண்டாம் பாகம் 2024 செப்டம்பரில் ஏழு தொகுதிகளாக வந்தது. கவுன்சில், நிர்வாக அமைப்பு, கட்டடக் கலைஞர், ஒப்பந்தக்காரர், வெளிச்சுவர் உறை விற்ற கம்பனிகள், சான்றிதழ் தந்தவர்கள், அமைச்சு என்று எல்லோருக்கும் பங்கு. பழியை ஒருவர் அடுத்தவர் மேல் தள்ளிவிடும் இராட்டினம் என்று விசாரணையின் சட்டத்தரணியே சொன்னார். அந்த அறிக்கை வந்த நாளில் தீக்காக ஒருவர் மீதும் குற்றப்பத்திரிகை இல்லை. அதற்குள் கிரென்ஃபெல் பெயரால் சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள். அங்கே குடியிருந்ததாகப் பொய் சொல்லி உதவிப்பணம் வாங்கியவர்கள். அவர்களுடைய பொறுப்பு நீதிமன்றத்துக்கு மிகத் துலக்கமாகத் தெரிந்தது.

ஏன் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை? பார்க்க ஆட்கள் இருந்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கவுன்சில்களைப் பரிசோதித்த கணக்காய்வு ஆணைக்குழுவை மூடுவதாக 2010இல் அறிவித்தார்கள். குடியிருப்பாளர் நலனுக்கென இருந்த ஆணையம் 2012இல் போனது. மிஞ்சிய ஒழுங்குபடுத்துநருக்கு ஒரு நிபந்தனை: குடியிருப்பாளருக்குப் பாரதூரமான தீங்கு நடந்ததற்கு அல்லது நடக்கவிருப்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே தலையிடலாம். தானாகப் போய்ப் பார்க்கக்கூடாது. பிறகு 2016 முதல் நாலு வருடம் வாடகையை வருடத்துக்கு ஒரு வீதம் குறைக்கச் சொல்லி அரசாங்கம் கட்டளை போட்டது. நாங்கள் கைதட்டினோம். அந்த வாடகையில்தான் திருத்த வேலை நடக்கிறது என்பது பிளம்பர் வராத மாரிகளில் விளங்கியது. கவுன்சிலைக் கேட்டால் அமைச்சைக் காட்டும்; அமைச்சைக் கேட்டால் அது உள்ளூர் விவகாரம்.

சட்டம் மாற ஒரு குழந்தை சாகவேண்டியிருந்தது. ரோச்டேலில் அவாப் இஷாக், இரண்டு வயது, 2020 டிசம்பர், வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சுத்திணறி. 2012இல் கவுன்சிலிடமிருந்து ஒரு வீட்டுச் சங்கத்துக்குக் கைமாறிய வீடுகள் அவை. தகப்பன் முறையிட்டபோது கிடைத்த பதில், சுவருக்கு வர்ணம் பூசு. சூடானிலிருந்து வந்த குடும்பத்தின் வாழ்க்கை முறையில், குளிக்கும் முறையில் பிழை இருக்கும் என்று சங்கம் தானாகவே நினைத்துக்கொண்டது. விசாரணை முடிந்தபின் தலைமை நிர்வாகியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்ட மனைவி, சர்வேயர் தந்த துண்டுப்பிரசுரத்தைத் தேடி எடுத்துக் கிழித்தாள். அது நடந்தது எங்கள் சின்னவள் இருமிய மாரிக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு.

இப்போது அவன் பெயரில் சட்டம் உண்டு, 2025 அக்டோபர் 27 முதல். உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலம். பாரதூரமான ஈரம், பூஞ்சணம் என்றால் பத்து வேலைநாளுக்குள் விசாரிக்கவேண்டும், பிறகு ஐந்து வேலைநாளில் பாதுகாப்பாக்கவேண்டும். ஒழுங்குபடுத்துநருக்கும் 2024 ஏப்ரலில் பல் முளைத்தது. கேட்காமலே வந்து பார்த்து, சி1 முதல் சி4 வரை தரம் போடுகிறார்கள். அந்த வருடம் அக்டோபரில் மிகக் கீழான சி4 வாங்கிய முதல் கவுன்சில் நியூஹாம், லண்டன் தமிழர் செறிந்த ஈஸ்ட் ஹாம் இருக்கும் பரோ. தீப்பாதுகாப்பு வேலைகள் ஆயிரக்கணக்கில் செய்யாமல் கிடந்தன. அங்கே 2010, 2014, 2018 என்று மூன்று தேர்தல்களிலும் 60 ஆசனத்தில் 60ம் லேபருக்கு. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கவேண்டிய எதிர்க்கட்சி வாங்கில் அப்போது தூசு தட்டக்கூட ஆள் இருக்கவில்லை. தரம் வந்ததும் கவுன்சில் மன்னிப்புக் கேட்டது. திட்டம் ஒன்று வெளியிட்டது. சி4 வாங்கிய பிள்ளையை வகுப்பில் மறித்து வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கவுன்சிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

எங்கள் பரோவுக்கு வருகிறேன். கம்பனியைக் கலைத்து நிர்வாகத்தைக் கவுன்சிலே திரும்ப எடுத்துக்கொண்டது. வாசலில் பலகை மாறியது, உள்ளே அதே ஆட்கள். வாடகை கட்டும் ஓபிசும் எஸ்டேட் காவலாளியின் அறையும் போய்விட்டன. முறைப்பாட்டைப் போனில் உள்ள செயலியில் போடவேண்டும், படத்தோடு. இப்போதைய கவுன்சிலர் ஒரு தமிழ்ப் பிள்ளை. இங்கே பிறந்து, இங்கே படித்து, எல்லாச் சட்டமும் விரல் நுனியில். நூலகம் பாதி நாள் பூட்டு என்பதால் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன்.

"அங்கிள், உங்கட ஃபோட்டோ எல்லாம் பார்த்தன். இது கட்டாயம் அவாப் சட்டத்துக்குள்ள வரும்."

"அப்ப எப்ப வருவினம், பிள்ளை?"

"நான் மெம்பர் என்குவைரி போட்டிருக்கிறன். பத்து வேலைநாளுக்குள்ள எனக்குப் பதில் தரவேணும்."

"உமக்கோ, எனக்கோ?"

"எனக்கு. அதை நான் உங்களுக்கு ஃபோர்வர்ட் பண்ணுவன்."

கிழவரிடம் சிகரெட் பெட்டி இருந்தது. இந்தப் பிள்ளையிடம் மடிக்கணினி, முனைவர் பட்டம், உண்மையான அக்கறை எல்லாம் இருக்கின்றன. பிளம்பரை அனுப்பும் அதிகாரம் மட்டும் இல்லை. அதை அவள் ஒளிக்கவும் இல்லை. வாரத்துக்கு இப்படி எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லும்போது அவள் குரல் கம்மியது. கானாப் பெண்ணின் பிள்ளைகளும் இப்போது அதே செயலியில்தான் முறைப்பாடு போடுகிறார்கள், அதே இலக்கம், அதே வரிசை. முகம் பார்த்து நடந்த அநீதி ஒழிந்துவிட்டது. இப்போது எவருடைய முகத்தையும் எவரும் பார்ப்பதில்லை.

அவளுக்கு வந்த பதில் எனக்கு வந்தது. ஒழுக்கு மேல்மாடியிலிருந்து, மேல்மாடி தனியார் உரிமை, ஆகவே உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும். ஹரோவுக்குப் போன் எடுத்தேன். அண்ணைக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அதே குரல்.

"தம்பி, உள்பைப் எண்டால் நான் செய்வன். இது சுவருக்குள்ளால கீழ போற பொதுப் பைப். அது கவுன்சிலின்ரை. லீஸைப் பாரும், பதின்மூண்டாம் பக்கம்."

"நீங்கள்தானே அண்ணை என்ரை பைப் எண்டனீங்கள்."

"அது வாங்கேக்கை சொன்னது."

லீசைப் பார்த்தேன். அண்ணை சொன்னது சரி. உரிமையாளர் அவர், அந்த வீட்டுக்கு வாடகைக்காரர் கவுன்சில், அந்தக் கவுன்சில்தான் என் வீட்டுக்கு உரிமையாளர், பைப்பும் அதனுடையது. ஆக மேல்வீட்டு வாடகைக்காரரான கவுன்சிலைப் பற்றிக் கீழ்வீட்டு உரிமையாளரான கவுன்சிலிடம் நான் முறையிடவேண்டும். அண்ணையை அரை ஆளாகச் சேர்த்தால் பொறுப்பாளர் கணக்கு ஏழரை. சாத்திரப்படியும் பொருந்துகிறது.

போன மாதம் கதவு தட்டிற்று. கவுன்சில் அனுப்பிய கருத்துக்கணிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை, கையில் டப்லெட், நெற்றியில் சின்னப் பொட்டு. குடியிருப்பாளர் திருப்தியை அளந்து வெளியிடவேண்டும் என்பது இப்போது சட்டம். நான் கடைக்குப் போயிருந்தேன். மனைவி இருத்தி வைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறாள். 'உங்கள் வீட்டுக்காரர் உங்கள் கருத்தைக் கேட்டு அதன்படி நடப்பதில் எவ்வளவு திருப்தி?' என்பது ஒரு கேள்வி. நான் வந்து பார்த்தபோது பிள்ளை போய்விட்டிருந்தாள்.

"என்ன சொன்னீர்?"

"மிகவும் திருப்தி எண்டன்."

"விசரே உமக்கு? சுவரைப் பாரும்!"

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில படிச்சுக்கொண்டு இந்த வேலைக்கு வாறாள். நாள் முழுக்கப் படியேறி ஒவ்வொரு கதவிலயும் ஏச்சு வாங்கியிருக்கிறாள். நானும் ஏதும் குறையாச் சொன்னால் அவளின்ரை வேலைக்குப் பிரச்சினை வந்திடாதோ?"

கவுன்சிலின் இந்த மாதப் பத்திரிகை நேற்றுக் கதவுக்குள்ளால் விழுந்தது. முதல் பக்கத்தில் கபினெட் உறுப்பினர் தலைக்கவசம் போட்டுச் சிரிக்கிறார். குடியிருப்பாளர் திருப்தி இந்த முறை உயர்ந்திருக்கிறதாம்.